அபாயச் சங்கு ஒலிக்கும் வேளை

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தின் சாலைகளை ஒரு மாலைப் பொழுதில் நோக்குங்கள். ரயில் சந்திப்புக்கு விரையும் ஆட்டோக்கள், சரக்கேற்றிய லாரிகள், நெய்வேலிக்கும் கடலூருக்கும் செல்லும் பேருந்துகள், மிதிவண்டியில் வீடு திரும்பும் பிள்ளைகள். இவற்றிற்கிடையே காவல்துறை வண்டி ஒன்று விளக்குகள் மின்ன, அபாயச் சங்கை ஒலித்தபடி வருகிறது. நாம் ஒதுங்கி வழிவிட வேண்டும்; இதை எல்லாரும் அறிவர். ஆனால், அந்தச் சங்கை எப்போது ஒலிக்கலாம் என்பதற்கும் விதி உண்டு என்பதைப் பலர் அறியார்.

2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், உயிரைக் காப்பது போன்ற மிக அவசரமான பணியின்போது மட்டுமே விளக்கையும் சங்கையும் பயன்படுத்த இசைகின்றன. அவ்வேளையில் வண்டி சிவப்பு விளக்கைத் தாண்டலாம்; வேக வரம்பையும் மீறலாம். ஆயினும் பிறர் பாதுகாப்புக்குக் குறைவு நேராமல், பொறுப்போடும் எச்சரிக்கையோடும் செல்ல வேண்டும் என்பது நிபந்தனை. முன்னுரிமையிலும் ஒழுங்கு உண்டு: முதலில் தீயணைப்பு வண்டி, அடுத்து ஆம்புலன்ஸ், அதன் பின்னரே காவல்துறை வண்டி.

விபத்தில் ஒருவர் குருதி சிந்திக் கிடக்கிறார். ஒரு வீட்டில் அரிவாளோடு சண்டை நடக்கிறது. இங்கே சங்கு ஒலிக்கத்தான் வேண்டும். நேற்றுக் களவுபோன மிதிவண்டியைப் பற்றி விசாரிக்கச் செல்வதற்கு அது தேவையில்லை. பூட்டிய வீட்டினுள் திருடன் இருக்கையில், அருகே சென்றதும் சங்கை நிறுத்துவதே அறிவுடைமை. இல்லையேல் ஒலியே அவனைத் தப்புவித்துவிடும்.

வேகத்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகும்? நான்கு கிலோமீட்டர் தொலைவை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 4 நிமிடத்தில் கடக்கலாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் 3 நிமிடத்தில் கடக்கலாம். ஆதாயம் ஒரே நிமிடம். மூச்சுத் திணறுபவருக்கு அந்த ஒரு நிமிடமே உயிர். ஆனால், அவ்வேகத்தில் பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு தூரம் வேண்டும். குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கு அந்தத் தூரமே உயிர். இவ்விரண்டையும் நிறுத்துப் பார்ப்பதே காவலரின் கடமை. சங்கு வழியைக் கேட்கிறதே அன்றி, வழி கிடைத்துவிட்டது என்று உறுதி கூறுவதில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கார் ஓட்டுபவருக்கும் செவிப்புலன் குன்றிய முதியவருக்கும் அது எட்டாமலே போகலாம்.

பதவியின் அடையாளமாகச் சுழல்விளக்கு பெருகியிருந்த காலமும் உண்டு. 2013 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதற்கு வரம்பு கட்டியது. 2017 மே 1 முதல் அமைச்சர் முதலான பிரமுகர்களின் கார்களிலிருந்து அவ்விளக்கு அகற்றப்பட்டது. அவசரப் பணி வண்டிகளுக்கே அது உரியதாயிற்று.

நம் கடமையும் சிறிதன்று. அவசர வண்டிக்கு வழிவிடாதவருக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சங்கொலி கேட்டால் நடுச்சாலையில் திடுமென நில்லாமல், இடப்புறம் ஒதுங்கி வழிவிடுங்கள். அவ்வண்டியின் பின்னே ஒட்டிக்கொண்டு விரையாதீர்கள். வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் செல்லும் குழுவினர் சாலையோரம் ஒற்றை வரிசையில் செல்லட்டும்.

தேவையின்றி ஒலிக்கும் ஒவ்வொரு சங்கும் மக்களின் நம்பிக்கையைக் குறைக்கிறது. நம்பிக்கை குறைந்தால், உண்மையான ஆபத்தில் வழிவிடுவார் இரார். காவலர் அளவறிந்து ஒலிக்கட்டும். நாம் தயங்காது ஒதுங்குவோம். அவ்வண்டிக்காகக் காத்திருப்பது யார் வீடோ, நாம் அறியோம்.