இரு கட்சிகளுக்கு இடையே எத்தனை தூரம்?

ஓசோன் படலத்தைக் காப்பதற்காக 1987-இல் மான்ட்ரியல் நகரில் ஓர் உலக உடன்படிக்கை உருவாயிற்று. 1988 மார்ச்சில் அமெரிக்க செனட் சபை அதனை வாக்கெடுப்புக்கு எடுத்துக்கொண்டது. ஆதரவாக 83 வாக்குகள் விழுந்தன. எதிராக ஒன்றுகூட இல்லை.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்தன. புவி வெப்பமடைதலைத் தடுக்கும் திட்டங்கள் அடங்கிய ஒரு மசோதா, 2022 ஆகஸ்டில் அதே சபையின் முன் வந்தது. இம்முறை ஆதரவு 50, எதிர்ப்பு 50. சபைத் தலைவரான துணை ஜனாதிபதி கமலா ஹாரிஸ் தம் வாக்கை அளித்த பிறகே மசோதா நிறைவேறிற்று. குடியரசுக் கட்சியினர் ஒருவரும் அதனை ஆதரிக்கவில்லை. ஜனநாயகக் கட்சித் தரப்பில் ஒருவரும் எதிர்க்கவில்லை.

இரண்டுமே நம் தலைக்கு மேலுள்ள காற்று மண்டலத்தைப் பற்றியவை. பின் ஏன் இத்தனை வேறுபாடு? இரு கட்சிகளும் எதிரெதிர் முனைகளுக்குச் சென்றுவிட்டன என்பார்கள். நாம் இதனை 'முனைவாக்கம்' எனலாம். ஆனால் அறிவியல் பயிலும் வாசகர்களாகிய நீங்கள் உடனே ஒரு கேள்வி கேட்பீர்கள்: இதனை அளக்க முடியுமா?

அளக்கும் முறை

முடியும். ஒரே நேர்ச்சாலையில் ஐந்து ஊர்கள் இருப்பதாகக் கொள்வோம். வரைபடம் கிடையாது. எந்த இரண்டு ஊர்களுக்கிடையே எவ்வளவு தூரம் என்ற அட்டவணை மட்டும் உங்களிடம் உள்ளது. அதைக் கொண்டே ஊர்களின் வரிசையைக் கண்டுபிடித்து, சாலையை வரைந்துவிடலாம் அல்லவா?

அமெரிக்க காங்கிரஸில் யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்ற பதிவு 1789 முதல் உள்ளது. அடிக்கடி ஒரே பக்கம் வாக்களிக்கும் இருவர் அருகருகே இருப்பவர்கள்; அரிதாகவே ஒத்துப்போகும் இருவர் தொலைவில் இருப்பவர்கள். இந்தக் கருத்தை அடிப்படையாகக் கொண்டு கீத் பூல், ஹோவர்ட் ரோசந்தால் என்னும் இரு அறிஞர்கள் 1980-களில் ஒரு கணித முறையை வகுத்தனர். அதன்படி, உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ −1 முதல் +1 வரையுள்ள ஒரு கோட்டில் இடம் கிடைக்கிறது. இடக்கோடியில் தாராளக் கொள்கையினர். வலக்கோடியில் பழமை பேணுவோர்.

கலப்பும் பிரிவும்

1970-களின் வாக்குகளை இம்முறையில் வரைந்தால், இரு கட்சிகளும் இரு குன்றுகள் போல் தோன்றும். ஆனால் அவற்றின் அடிவாரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். குடியரசுக் கட்சியினர் பலருக்கு வலப்புறத்தில் ஜனநாயகக் கட்சியினர் சிலர் இருந்தனர். இன்றைய படத்திலோ குன்றுகள் இரண்டும் தனித்தனி. நடுவில் வெறும் பள்ளத்தாக்கு.

இதற்கு ஒரு காந்தத் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். காந்தமாகாத இரும்பிலும் சிறுசிறு காந்தப் பகுதிகள் உண்டு. அவை பல திசைகளை நோக்கியிருப்பதால் ஒன்றை ஒன்று ஈடு செய்துவிடுகின்றன. அவற்றை ஒரே திசையில் திருப்பினால் இரும்பு வலிய காந்தமாகிறது. புதிதாக எதுவும் உள்ளே புகவில்லை; வரிசைப்பட்டதுதான் மாற்றம்.

அமெரிக்காவிலும் பெருமளவு இதுவே நடந்தது. கறுப்பின மக்களுக்குச் சம உரிமை அளித்த 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாருங்கள். செனட்டில் அதனை எதிர்த்த 27 பேரில் 21 பேர் ஜனநாயகக் கட்சியினர். அதில் கையெழுத்திட்ட ஜனாதிபதி ஜான்சனும் அதே கட்சியினரே! எதிர்த்தவர்களுள் பெரும்பாலோர் தென் மாநிலத்தவர். அடுத்த முப்பது ஆண்டுகளில் தென் மாநிலப் பழமைவாதிகள் குடியரசுக் கட்சிக்கும், வட மாநிலத் தாராளவாதிகள் ஜனநாயகக் கட்சிக்கும் வந்து சேர்ந்தனர்.

உவமை இங்கு நின்றுவிடுகிறது. காங்கிரஸ் உறுப்பினர்கள் இடம் மாறியதோடன்றி முனைகளை நோக்கி நகரவும் செய்தனர். இந்த அளவையின்படி குடியரசுக் கட்சி நகர்ந்த தூரமே கூடுதல். எனினும் எச்சரிக்கை தேவை. இந்த அளவுகோல் எவர் சொல்வது சரி என்று கூறாது. வாக்கெடுப்புக்கே வராத பிரச்சினைகளும் இதில் பதிவாவதில்லை.

போட்டியும் ஒரு காரணம். 1955 முதல் 1995 வரை பிரதிநிதிகள் சபை தொடர்ந்து ஜனநாயகக் கட்சியின் வசமே இருந்தது. அதன்பின் 1995, 2007, 2011, 2019, 2023 ஆகிய ஆண்டுகளில் கை மாறியது. அடுத்த தேர்தலில் வெல்லலாம் என்ற நம்பிக்கை இருக்கும்போது, எதிர்த் தரப்புக்கு வெற்றி தேடித்தர எவர் முன்வருவார்?

எது நோய்?

கருத்து வேறுபாடு நோயன்று. 1950-இல் அமெரிக்க அரசியல் அறிவியல் கழகத்தின் குழு ஒன்று, இரு கட்சிகளும் மக்கள் முன் தெளிவான மாற்றுகளை வைக்கவில்லை என்று குறை கூறியது!

நோய் வேறிடத்தில் உள்ளது. தம் பிள்ளை மாற்றுக் கட்சியினரை மணந்தால் வருந்துவீர்களா என்று 1960-இல் கேட்டபோது, இரு கட்சிகளிலும் ஆம் என்றோர் நூற்றுக்கு ஐவர் அளவே. 2010-இல் குடியரசுக் கட்சியினருள் ஏறக்குறையப் பாதிப் பேர். ஜனநாயகக் கட்சியினருள் மூன்றில் ஒரு பங்கினர். கொள்கையில் உள்ள தூரத்தைவிட மனத்தில் உள்ள தூரம் மக்களிடையே வேகமாக வளர்ந்துள்ளது.

மற்றொன்று, சட்டங்களின் ஆயுள். 2022-இன் மசோதா தூய ஆற்றலுக்குப் பெரும் வரிச் சலுகைகள் தந்தது. 2025 ஜூலையில் குடியரசுக் கட்சியினர் 51-50 என்ற வாக்கில் மற்றொரு சட்டத்தை நிறைவேற்றி, அவற்றில் பலவற்றை வெட்டினர். காற்றாலை முப்பது ஆண்டு உழைக்கக் கூடியது. அதை நிறுவத் தூண்டிய சலுகையோ மூன்றே ஆண்டில் ஆட்டங்கண்டது. காற்றில் கலந்த கரியமில வாயுவோ பல நூற்றாண்டு நிலைப்பது. தேர்தல் நாட்களை அது அறியாது.

ஆயினும் பள்ளத்தாக்கைக் கடக்கவே முடியாது என்று எண்ணிவிட வேண்டாம். 2022 செப்டம்பரில், மேற்சொன்ன வாக்கெடுப்பு நடந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், மான்ட்ரியல் உடன்படிக்கைக்கான ஒரு திருத்தம் அதே செனட்டின் முன் வந்தது. குளிர்பதனப் பெட்டிகளில் பயன்படும், வெப்பத்தை மிகுவிக்கும் வாயுக்களைக் குறைப்பது அதன் நோக்கம். மாற்று வாயுக்களைச் செய்து விற்க அமெரிக்கத் தொழிற்சாலைகளும் ஆயத்தமாக இருந்தன. 69-27 என அது நிறைவேறியது. ஆதரித்தவர்களுள் 21 பேர் குடியரசுக் கட்சியினர்.

1988-இன் 83-0 இல்லைதான். ஆனால் ஒரு கட்சி மட்டும் இயற்றிய சட்டமும் அன்று. எந்தப் பொருளில், எந்தச் சூழலில் இத்தகைய பாலங்கள் அமைகின்றன என்று ஆராய்வதே, தூரத்தை அளந்தவர்கள் அடுத்துச் செய்ய வேண்டிய பணியாகும்.