செங்கல்லும் சுடுமண்ணும்: லண்டன் பள்ளிக் கட்டடங்கள் தரும் பாடம்

ஆலயத்தின் வடிவம் அதில் கூடுவோரின் விசுவாசத்தை எடுத்துரைக்கின்றது என்பதை நாம் அறிவோம். பள்ளிக்கூடத்தின் வடிவமும் அவ்வாறே பேசக்கூடும் என்பதற்கு, 1870க்குப் பின் லண்டன் மாநகரில் எழுந்த ஆரம்பப் பள்ளிக் கட்டடங்கள் தக்க சான்றாகும்.

அதற்கு முன் இங்கிலாந்தின் ஏழைச் சிறுவர்க்குக் கல்வி அளித்தவை பெரும்பாலும் சபைகளே. 1811இல் தோன்றிய தேசியச் சங்கம் ஆங்கிலிக்கன் திருச்சபையின் சார்பில் பள்ளிகளை நிறுவியது. ஏனைய புராட்டஸ்டண்டு சபையாரும் தனியே ஒரு சங்கத்தின் வாயிலாக இப்பணியை ஆற்றினர். ஆயினும் பெருகிவந்த நகர மக்களுக்கு அவை போதவில்லை. எனவே, தெரிந்தெடுக்கப்பட்ட கல்விக் குழுக்கள் வரிப்பணத்தைக் கொண்டு பள்ளிகளைக் கட்ட 1870ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்விச் சட்டம் வழிவகுத்தது. எந்த ஒரு சபைக்கும் தனியே உரிய ஞானோபதேசம் அப்பள்ளிகளில் கற்பிக்கப்படலாகாது என்று அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு விதித்தது.

லண்டன் குழு 1871இல் ஈ. ஆர். ராப்சன் என்பவரைத் தன் கட்டடக் கலைஞராக நியமித்தது. அதுகாறும் பள்ளிகள் பல கூர்முனை வளைவுகள் கொண்ட கோதிக் பாணியில் அமைந்திருந்தன; காண்போர்க்கு அவை ஆலயத்தையே நினைவூட்டின. எல்லாச் சபையார்க்கும் பொதுவான பள்ளிக்கு அவ்வடிவம் பொருந்தாது என்பது ராப்சனின் கருத்து. 1874இல் அவர் வெளியிட்ட பள்ளிக் கட்டடக் கலை பற்றிய நூலில் இதனை வற்புறுத்தினார். அவர் கைக்கொண்டது 'ஆன் அரசி பாணி' எனப்பட்டது. பழைய செங்கல் வீடுகளைத் தழுவிய பாணி அது. ஆலயச் சாயல் நீங்கி, இல்லத்தின் சாயல் பள்ளிக்கு வந்தது.

மஞ்சள் நிறச் செங்கற் சுவர். மூலைகளிலும் சாளர ஓரங்களிலும் சிவப்புச் செங்கல். உயர்ந்த முகப்பில் குழுவின் பெயரும் ஆண்டும் பொறித்த சுடுமண் பலகை. இதுவே பொதுவான தோற்றம். களிமண்ணை அச்சில் வார்த்து உலர்த்திச் சூளையில் சுடும்போது அது சுருங்குமாதலால், அச்சு சற்றுப் பெரிதாகவே செய்யப்படும். கல்லில் செதுக்குவதைவிடக் குறைந்த செலவில் ஒரே அலங்காரத்தைப் பலமுறை வார்க்கலாம். நன்கு சுட்ட மண் லண்டனின் கரிப்புகையையும் தாங்கி நின்றது.

நிலம் அருமையாயிருந்தமையால் கட்டடங்கள் மாடிமேல் மாடியாக உயர்ந்தன. பல பள்ளிகளில் கீழ்த்தளம் குழந்தைகளுக்கும் மேல்தளங்கள் சிறுமியர்க்கும் சிறுவர்க்கும் உரியவை, வாயில்களும் வெவ்வேறு. எழுதும் கையின் நிழல் ஏட்டில் விழாதபடி இடப்புறமிருந்து ஒளி வரவேண்டும் என்பது ராப்சனின் விதி. ஒரே அறையில் 60 பிள்ளைகளுக்கு மேலும் நெருங்கி அமர்ந்த குறை இருந்தது உண்மையே. எனினும் இருண்ட சந்துகளில் வாழ்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பெரிய சாளரங்கள் வெளிச்சத்தையும் காற்றையும் ஈந்தன.

ஆலய வடிவம் நீங்கியதால் திருமறையும் நீங்கிவிட்டதோ? இல்லை. வேதாகமம் வாசிக்கப்பட்டு விளக்கப்பட வேண்டும் என்று 1871இல் அக்குழு தீர்மானித்தது. கிறிஸ்தவக் கோட்பாடுகளை ஏற்காத விஞ்ஞானியும் குழுவின் உறுப்பினருமாகிய டி. எச். ஹக்ஸ்லிகூட வேதாகம வாசிப்பை ஆதரித்தார். குழு 1904இல் கலைக்கப்பட்டது. கட்டடங்கள் பல இன்றும் நிற்கின்றன.

திருமறையில் செங்கல் பாபேலின் பெருமையையும் எகிப்தின் அடிமைத்தனத்தையும் நினைவூட்டுகின்றது. லண்டனிலோ அதே சுட்ட மண் எளியோரின் பிள்ளைகளுக்கு விடுதலையின் கருவியாயிற்று. சபையின் பள்ளிகளை மேற்பார்வை செய்யும் ஆயர்களும், நாளை அப்பொறுப்பை ஏற்கவிருக்கும் மாணவர்களும் இதனைச் சிந்தித்தல் நலம். புதிய கட்டடம் எழுப்புகையில் முகப்பில் சிலுவையை எவ்வளவு உயரத்தில் நாட்டுவது என்று நெடுநேரம் ஆலோசிக்கின்றோம். கடைசி இருக்கையில் அமரும் பிள்ளையின் ஏட்டில் போதிய வெளிச்சம் விழுமா என்பதையும் அதே கருத்தோடு ஆலோசிப்போமாக. அதுவும் கிறிஸ்துவுக்குச் சாட்சியே.