உங்களுக்குத் தெரியுமா? துப்பாக்கி சிக்கினால் முதலில் தோட்டாவைப் பாருங்கள்!

★ புதுச்சேரியில் சாரத்திலிருந்து கடற்கரைச் சாலைக்குப் போகிறவர்கள் பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னத்தைப் பார்க்காமல் திரும்ப முடியாது. முதல் உலகப்போரில் மாண்ட நம் ஊர் சொல்தாக்களுக்காக (பிரெஞ்சுப் படைவீரர்களுக்காக) எழுப்பப்பட்டு, 1938-இல் திறக்கப்பட்டது. அந்தப் போரில் பிரெஞ்சுப் படை பெருமளவில் தூக்கியது லெபெல் துப்பாக்கி. அதன் தோட்டாக் குழாய்க்குள் 8 தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கும். ஒன்றின் முனை, முன்னதன் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைப் பார்த்தபடி இருக்கும். 1898-இல் கூர்முனைக் குண்டு வந்தபோது, முனை குத்தி உள்ளேயே வெடித்துவிடும் ஆபத்தும் சேர்ந்து வந்தது. தோட்டாவின் அடியில் வட்டப் பள்ளம் வைத்து, கூர்முனை அதில் போய் நிற்கும்படி செய்தார்கள். பிரைமருக்கும் ஒரு மூடி போட்டார்கள். துப்பாக்கியை மாற்றாமல், தோட்டாவைத் திருத்தியே எத்தனை உயிர்களைக் காத்திருக்கிறார்கள்!

★ புகையில்லா வெடிமருந்தை 1884-இல் கண்டுபிடித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேய். அது நாள்பட நாள்பட, வெப்பத்தில் தானே சிதைந்தது. தூலோன் துறைமுகத்தில் 1907-இல் 'இயெனா', 1911-இல் 'லிபெர்த்தே' என இரண்டு போர்க்கப்பல்கள் வெடித்தது அதனால்தான் என்று கருதப்படுகிறது.

★ தானியங்கித் துப்பாக்கிகள் பல, சுட்ட மருந்தின் வாயுவில் ஒரு பங்கை எடுத்துக் காலிக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றும். வாயு குறைந்தால் கூடு பாதியில் சிக்கும். மிஞ்சினால் கூட்டின் விளிம்பு கிழியும். அமெரிக்காவில் இலக்கு நோக்கிச் சுடுவோர் பலர் காலிக் கூடுகளில் தாங்களே மருந்து நிரப்புகிறார்கள். அவர்களுக்கு வரும் தொல்லைகளில் பல இங்கேதான் தொடங்குகின்றன: மருந்தின் அளவு, மருந்தின் வகை, சுட்டபோது விரிந்த கூட்டைப் பழைய அளவுக்குச் சுருக்காமல் விட்டது. நம் நாட்டில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். தோட்டா நிரப்பும்போது நேரும் பிழை சுடுபவரின் கண்ணுக்கு அருகிலேயே வெடிக்கும் என்பதால், அந்தக் கட்டுப்பாடு வேண்டியதே.

★ மருந்தின் வகை மாறினால் என்ன ஆகும்? வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் அதை உயிரைக் கொடுத்து அறிந்தார்கள். எம்-16 துப்பாக்கி ஒரு மருந்துக்காக வடிவமைக்கப்பட்டது. களத்துக்குப் போன தோட்டாவில் இருந்ததோ வேறு மருந்து. சுடும் வேகம் கூடியது, கரி படிந்தது, காலிக் கூடு உள்ளேயே இறுகியது. துடைக்கும் கருவிகளும் போதுமான அளவு தரப்படவில்லை. 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்து, மருந்து மாற்றத்தைக் கடுமையாகக் கண்டித்தது. பிறகு தோட்டா அமரும் அறைக்குக் குரோம் பூசினார்கள்.

★ வங்காளத்தின் இச்சாப்பூரில் தயாரான, தானே தோட்டா ஏற்றும் எஸ்.எல்.ஆர். துப்பாக்கியைப் போலீசாரின் தோளில் பார்த்திருப்பீர்கள். அதில் கேஸ் ரெகுலேட்டர் என்றொரு திருகு உண்டு. கூடு சரியாக வெளியேறாவிட்டால் அதைத் திருகி, வீணாக வெளியேறும் வாயுவைக் குறைத்து, துப்பாக்கியை இயக்கும் பிஸ்டனுக்குப் போகும் வாயுவைக் கூட்டலாம்.