உப்புப் போடாத பாஸ்வேர்டு

சென்ற வாரம் எதிர் வீட்டு மாமி முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"பாரேன், இணையத்தில் புடவை வாங்குகிறேனே, அந்தக் கடையின் பாஸ்வேர்டு மறந்துபோய்விட்டது. 'மறந்துவிட்டேன்' என்ற பொத்தானை அழுத்தினேன். மறு நிமிஷமே என் பழைய பாஸ்வேர்டையே ஈமெயிலில் அனுப்பிவிட்டான்! எத்தனை பொறுப்பு!"

எனக்குப் பகீரென்றது. "பாங்கிக் கணக்குக்கும் அதே பாஸ்வேர்டுதானா, மாமி?" என்றேன்.

"பின்னே? ஒன்றை ஞாபகம் வைத்துக் கொள்வதே பெரும்பாடாயிருக்கிறது!"

இதில் பகீரென்பதற்கு என்ன இருக்கிறது என்கிறீர்களா? பழைய பாஸ்வேர்டைத் திருப்பி அனுப்ப முடிகிறதென்றால், கடைக்காரர் அதைத் தாம் படிக்கும்படி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அவர் படிக்க முடிந்ததைத் திருடனும் படிப்பான் அல்லவா?

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2009 டிசம்பரில் அமெரிக்காவின் 'ராக்யூ' என்ற கம்பெனியிலிருந்து 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டுகள் களவு போயின. அத்தனையும் யாரும் படிக்கும்படி எழுதி வைக்கப்பட்டிருந்தன!

திருடன் எப்படி நுழைந்தான்? வாசலில், 'உங்கள் பெயரை எழுதுங்கள்' என்று ஒரு சீட்டை நீட்டுகிறோம் என்று வைத்துக் கொள்ளுங்கள். வந்தவன் பெயருக்குப் பதிலாக, 'பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் கொடு' என்று எழுதுகிறான். அசட்டு வேலைக்காரன் அதை எஜமானரின் உத்தரவென்று எண்ணிச் செய்து விடுகிறான். இதற்கு 'எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன்' என்று பெயர். வந்தவர் எழுதுவது வேறு, வீட்டு உத்தரவு வேறு என்று புரோகிராமில் பிரித்து வைத்துவிட்டால் இந்தத் தந்திரம் பலிக்காது.

திருடன் அப்படியும் நுழைந்து விட்டால்? அதற்குத்தான் பாஸ்வேர்டை அரைத்து வைக்க வேண்டும். இதை 'ஹாஷிங்' என்கிறார்கள். மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாது. நீங்கள் மறுமுறை பாஸ்வேர்டைக் கொடுக்கும்போது அதையும் அரைத்து, மாவோடு மாவை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். அசல் பாஸ்வேர்டு கடைக்காரருக்கே தெரிய வேண்டியதில்லை!

ஆனால் ஒரே பாஸ்வேர்டை அரைத்தால் ஒரே மாவுதான் வரும். சாமர்த்தியமான திருடன் வழக்கமான பாஸ்வேர்டுகளையெல்லாம் முன்கூட்டியே அரைத்து, ஜாபிதா தயாரித்துக் கொண்டு வருவான். ஆகையால், அரைக்குமுன் ஒவ்வொருவர் பாஸ்வேர்டிலும் வெவ்வேறு எழுத்துக்களைக் கலக்க வேண்டும். இதற்குக் கம்ப்யூட்டர் நிபுணர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? உப்பு! ஆம், 'ஸால்ட்' என்றேதான் சொல்கிறார்கள்.

ராபர்ட் மோரிஸ், கென் தாம்ஸன் என்ற இருவர் 1979-லேயே இதை விளக்கி எழுதிவிட்டார்கள். அப்படியிருந்தும், 2012-ல் 'லிங்க்ட்இன்' நிறுவனத்திலிருந்து சுமார் 65 லட்சம் பாஸ்வேர்டுகள் அரைத்த நிலையில் வெளிவந்தபோது, அவற்றில் உப்பு இல்லை! ஏராளமானவற்றை அம்பலப்படுத்துவது சுலபமாகிவிட்டது.

அரைப்பதிலும் பக்குவம் உண்டு. நொடியில் அரைபட்டால் திருடனும் கோடிக்கணக்கில் அரைத்துப் பார்ப்பான். அதனால், வேண்டுமென்றே மெதுவாக அரைக்கும் 'பி-க்ரிப்ட்' என்ற முறை 1999-ல் வந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். பழைய பாஸ்வேர்டையே திருப்பி அனுப்பும் கடையை நம்பாதீர்கள். புதிதாக ஒன்றை வைத்துக் கொள்ளச் சொல்வதே நல்ல கடைக்கு அழகு. பாங்கியின் பாஸ்வேர்டை வேறெங்கும் உபயோகிக்காதீர்கள். உங்கள் பிள்ளையோ பெண்ணோ புரோகிராம் எழுதும் உத்தியோகத்தில் இருந்தால், "உப்புப் போட்டாயா?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

மாமி அன்று மாலையே டெலிபோன் செய்தார். "பாங்கி பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். புதிது என்ன தெரியுமோ?" என்று ஆரம்பித்தார்.

"ஐயோ, சொல்லாதீர்கள் மாமி!" என்று டெலிபோனை வைத்துவிட்டேன்.