குடியரசுத் தலைவரும் பதவி நியமனமும்

கீழ் கோத்தகிரியில் தேயிலை பயிரிடும் உழவர் ஒருவர், தம் நிலத்தைப் பற்றிய முறையீடு ஒன்றை உதகமண்டலத்திலுள்ள மாவட்ட ஆட்சியரிடம் அளிக்கிறார் என வைத்துக்கொள்வோம். ஆட்சியர் எவருக்கும் அஞ்சாது சட்டப்படி முடிவு செய்வார் என்னும் நம்பிக்கை அவ்வுழவருக்கு இருத்தல் வேண்டும். அந்நம்பிக்கை எதனைப் பொறுத்தது? அலுவலர் எம்முறையில் அமர்த்தப்படுகிறார், எம்முறையில் நீக்கப்படுகிறார் என்னும் இரண்டையும் பொறுத்தது.

1819ஆம் ஆண்டில் கோத்தகிரிப் பகுதிக்கு ஏறி வந்த ஜான் சல்லிவன், கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக விளங்கியவர். அவர் காலத்தில் கிழக்கிந்தியக் கும்பனியின் உயர்பதவிகள் இலண்டனிலிருந்த இயக்குநர்களின் பரிந்துரையால் கிடைத்தன. அவர்களுடைய உறவும் நட்புமே பலருக்கு வாயிலாக அமைந்தன. 1853ஆம் ஆண்டின் சட்டம் அவ்வழக்கத்தை ஒழித்தது. 1855 முதல் போட்டித் தேர்வு நடைபெறலாயிற்று.

விடுதலை பெற்ற இந்தியாவில் இந்திய ஆட்சிப் பணியினரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். எனினும், அவர் தம் விருப்பப்படி ஒருவரை அழைத்துப் பதவி கொடுப்பதில்லை. மத்திய அரசுப் பணித் தேர்வாணையம் தேர்வு நடத்தித் தகுதியுடையோரைப் பரிந்துரைக்கிறது. அதன் பின்னரே நியமன ஆணை பிறக்கிறது. மாநிலப் பணியிலிருந்து உயர்வு பெறுவோருக்கும் தனி விதிகள் உண்டு. இவ்வாறு அமர்ந்தவருள் எவர் எம்மாவட்டத்தை ஆளவேண்டும் என்பதை மாநில அரசு முடிவு செய்கிறது.

குடியரசுத் தலைவர் நியமிக்கும் பதவிகள் பல. பிரதம மந்திரி, ஏனைய அமைச்சர்கள், மாநில ஆளுநர்கள், உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகள், தலைமைக் கணக்குத் தணிக்கையர், தேர்தல் ஆணையர்கள் ஆகியோர் அவருடைய ஆணையாலேயே பதவி ஏற்கின்றனர். குன்னூரை அடுத்த வெலிங்டனில் பயிலும் நம் நாட்டுப் படை அலுவலர்களும் அவர் பெயரால் அளிக்கப்பெற்ற ஆணையால் அப்பதவியை அடைந்தவர்களே.

இத்துணைப் பெரிய அதிகாரத்திற்கு எல்லை இல்லையா எனின், உண்டு. அவ்வெல்லைகள் நான்கு வகைப்படும்.

முதலாவது, அமைச்சரவையின் அறிவுரை. அரசியலமைப்பின் 74ஆம் விதிப்படி குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைவழியே செயற்பட வேண்டும். ஒருமுறை மறுபரிசீலனைக்கு அதனைத் திருப்பி அனுப்பலாம். மீண்டும் அதே அறிவுரை வருமாயின் ஏற்றல் கடமை. பிரதம மந்திரியை நியமிப்பதிலும் மக்களவையின் நம்பிக்கையைப் பெற வல்லவரையே அவர் நாடவேண்டும்.

இரண்டாவது, தகுதி. சான்றாக, உச்ச நீதிமன்ற நீதிபதியாதற்குரிய தகுதி இல்லாதவரை அரசின் தலைமை வழக்கறிஞராக நியமித்தல் இயலாது.

மூன்றாவது, கலந்தாய்வு. நீதிபதிகளின் நியமனத்தில் தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகளும் கூடி அளிக்கும் கருத்திற்கே முதன்மை உண்டு என்பது 1993ஆம் ஆண்டின் தீர்ப்பு. இம்முறையை மாற்றக் கொணர்ந்த அரசியலமைப்புத் திருத்தத்தை 2015ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது.

நான்காவது, நீக்கும் முறை. நியமித்தவரே நினைத்தபொழுது நீக்கலாம் எனின், நீதிபதி அஞ்சாமல் தீர்ப்புக் கூறுவது எங்ஙனம்? ஆதலால், உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கப் பாராளுமன்றத்தின் ஈரவைகளும் தனிப்பெரும்பான்மையால் வேண்டுகோள் நிறைவேற்ற வேண்டும். தலைமைக் கணக்குத் தணிக்கையருக்கும் இக்காப்பு உண்டு. அரசு அலுவலரையும், சில விலக்குகள் நீங்கலாக, குற்றச்சாட்டை அறிவித்து விசாரணை செய்யாமல் நீக்குதல் கூடாது என 311ஆம் விதி தடுக்கிறது. ஆளுநரோ குடியரசுத் தலைவர் விரும்பும்வரையே பதவியில் இருப்பவர். எனினும் அவரையும் காரணமின்றி மனம்போனபடி நீக்கலாகாது என்று 2010ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறிற்று.

இவ்வெல்லைகள் ஏட்டளவில் நிற்பன அல்ல. அரசு அலுவலகங்களில் ஊழலைக் கண்காணிக்கும் மத்தியக் கண்காணிப்பு ஆணையரைத் தேர்ந்து கூறப் பிரதம மந்திரி, உள்துறை அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர் ஆகிய மூவர் குழு ஒன்றைச் சட்டம் அமைத்துள்ளது. 2010ஆம் ஆண்டில் எதிர்க்கட்சித் தலைவர் மறுத்தும், ஏனைய இருவரின் பரிந்துரையின்மேல் ஒருவர் நியமிக்கப்பட்டார். அவர்மீது ஒரு வழக்கு நிலுவையில் இருந்தது. அதனைக் குழு கருதிப் பார்க்கவில்லை. 2011 மார்ச்சு 3ஆம் நாள், தலைமை நீதிபதி கபாடியா தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அந்நியமனம் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. அவர் குற்றம் செய்தார் என்று நீதிமன்றம் கூறவில்லை. ஊழலைத் தடுக்கும் அவையின் நேர்மையில் மக்கள் ஐயுற இடம் இருத்தலாகாது என்பதே அதன் கருத்து.

மாணவர்களே! பதவி என்பது கொடுப்பவரின் உடைமையும் அன்று. பெறுபவரின் உடைமையும் அன்று. அது மக்கள் பொருட்டு ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. நாட்டின் தலைவரே சட்டத்தின் எல்லைக்குள் நின்று நியமனம் செய்யும்பொழுது, மலையூரில் வாழும் எளிய குடியானவரும் அரசு அலுவலரிடம் தம் வழக்கை அச்சமின்றி எடுத்துரைக்க வழி பிறக்கிறது.