ரிவர்ஸ்டனுக்குப் போகுமுன்: காற்றையும் மண்ணையும் வாசித்தல்

காஷ்மீரின் குல்மார்க் போன்ற இடங்களில் பனிச்சறுக்குக்காக மலையேறுவோர் முதலில் பார்ப்பது காற்றின் திசையைத்தான். காற்று ஒரு சரிவின் பனியை வாரி மறுசரிவில் குவித்துவிடும். அதன் கீழ் இளகிய படை இருந்தால், ஒருவரின் பாரமே போதும். மேற்படை பாளமாகப் பெயர்ந்து சரியும். மாத்தளையில் பனி இல்லை. ஆனால் நக்கிள்ஸ் மலைத்தொடரில் காற்று இருக்கிறது, நீரில் ஊறும் மண்ணும் இருக்கிறது.

காற்றை அங்குள்ள மரங்களே சொல்லும். உயர்ந்த முகடுகளில் அவை குட்டையாக, முறுகி நிற்கின்றன. தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை ரிவர்ஸ்டன் இடைவெளியில் நிமிர்ந்து நிற்பதே சிரமம். மூடுபனி வந்தால் பாதையும் தெரியாது. குடை அங்கே உதவாது, சகோதரிகளே. மழையங்கி எடுத்துச் செல்லுங்கள்.

மண்ணின் கதை வேறு. மழைநீர் மண்ணின் நுண்துளைகளை நிரப்பும்போது பாரம் கூடுகிறது. துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியும் தளர்கிறது. ஆகவே இன்று வெயில் என்பது மட்டும் போதாது, கடந்த சில நாட்களில் எவ்வளவு பெய்தது என்றும் கேட்க வேண்டும். மழை விட்ட பின்னரும் நீர் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு அளவுகள் வைத்திருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு, 100 மி.மீ. தாண்டினால் வெளியேற ஆயத்தம், 150 மி.மீ. தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மி.மீ. பெய்தால், வெளியேற்றம். இவை மலையடிவாரக் குடியிருப்புகளுக்கானவை. உல்லாசப் பயணத்துக்கு முதல் எச்சரிக்கையே போதிய காரணம் என்பது என் கருத்து. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையால் நம் மாவட்டத்திலும் மண்சரிவுகள் உயிர்களைப் பறித்ததை வீட்டில் எல்லோரும் அறிவர்.

வழியில் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களும் உண்டு: நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மின்கம்பம், தெளிவாக ஓடிய ஊற்று திடீரெனக் கலங்குதல் அல்லது வற்றுதல். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் சரிவுக்குக் கீழே வாகனத்தை நிறுத்திப் படம் எடுக்காமல் அங்கிருந்து அகன்றுவிட வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

பெற்றோர் கேட்க வேண்டியது, "எத்தனை மணிக்கு வருவீர்கள்?" என்பதற்கு முன், "இரத்தோட்டைக்கு மேலே நேற்று மழையா?" என்பது.