இரண்டு இணைப்புகள், ஒரே மின்கம்பம்

2023 டிசம்பர் 4, திங்கள்கிழமை. மிக்ஜாம் புயலின் பெருமழையால் சென்னையின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தன. மின்சாரம் இல்லை, கைப்பேசிச் சேவையும் தடுமாறியது. அரசு பொது விடுமுறை அறிவித்திருந்தது. ஆனால், மும்பையில் பங்குச் சந்தைக்கு அது வேலை நாள். முந்தைய நாள் வெளியான மாநிலத் தேர்தல் முடிவுகளின் உற்சாகத்தில் சென்செக்ஸ் அன்று சுமார் 1,384 புள்ளிகள், அதாவது 2 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்தது. சந்தை இறங்கும் என்று கணித்து, காலையில் விற்று மாலைக்குள் திரும்ப வாங்க எண்ணிய ஒருவர் வேளச்சேரியில் இருந்திருந்தால், அவருடைய கணக்கில் என்ன நடக்கிறது என்பதை அவரால் பார்த்திருக்கவே முடியாது.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன் நான். என்னைக் காண வரும் பழைய மாணவர்கள் அண்மைக்காலமாகக் கெயின்ஸைப் பற்றிக் கேட்பதில்லை. எந்த பிராட்பேண்ட் இணைப்பு அறுபடாது என்று கேட்கிறார்கள். வீட்டிலிருந்தபடியே நாள் வர்த்தகம் செய்பவர்கள் அவர்களில் சிலர்.

கேள்வி நியாயமானதே. பத்தாண்டுகளுக்கென்று பங்கு வாங்கி வைத்தவருக்கு இரண்டு மணி நேரம் இணையம் இல்லாவிட்டால் ஒரு இழப்பும் இல்லை. நாள் வர்த்தகரின் நிலை வேறு. கையிலுள்ள முதலைப்போல் பல மடங்கு மதிப்புக்கு அவர் வாங்கவோ விற்கவோ செய்திருப்பார். காலை 9.15 முதல் மாலை 3.30 வரையிலான 375 நிமிடங்களுக்குள் அதை முடித்தாக வேண்டும். அவருக்கு இணையம்தான் கடை வாசல்.

ஆகவே, பலரும் இரண்டாவது இணைப்பு ஒன்றை வாங்கிவிட்டு நிம்மதியடைகிறார்கள். இங்குதான் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஓர் இணைப்பு 100-க்கு 99 பங்கு நேரம் இயங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குச் சுமார் 250 சந்தை நாள்கள் எனில், அது இல்லாத நேரம் 15 மணிக்கும் அதிகம். அதே தரத்தில் இன்னொன்றும் இருந்தால், இரண்டும் ஒருசேர இல்லாத நேரம் ஆண்டுக்கு ஒன்பது நிமிடங்களே. கேட்பதற்கு இனிமையான கணக்கு. ஆனால், ஒன்று அறுபடுவதற்கும் மற்றொன்று அறுபடுவதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லாதபோது மட்டுமே அது செல்லும்.

நம் தெருக்களில் நிலைமை என்ன? இரு வேறு நிறுவனங்களின் கண்ணாடி இழைக் கம்பிகள் ஒரே மின்கம்பத்தில் சுற்றிக் கிடக்கின்றன. சாலையைத் தோண்டும் இயந்திரம் நிறுவனத்தின் பெயர் பார்த்து வெட்டுவதில்லை. கைப்பேசி நிறுவனங்கள் பலவும் ஒரே கோபுரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டு சிம் அட்டைகள் இருந்தும் கோபுரம் ஒன்றாகவே இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்குகிறது; சந்தையும் ஏறத்தாழ அப்போதுதான் தொடங்குகிறது. வீடுகளில் மின்சாரம் போனதும் அப்பகுதியினர் அனைவரும் கைப்பேசி இணையத்துக்கு மாறுவதால், இருக்கும் ஒரே வழியும் நெரிசலில் திணறும்.

இது வீட்டுக்கு மட்டுமான சிக்கலன்று. 2021 பிப்ரவரி 24 அன்று தேசிய பங்குச் சந்தையே முற்பகல் 11.40 மணிக்கு நின்றுபோனது. அந்நிறுவனத்துக்கு இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமிருந்து பல இணைப்புகள் இருந்தன. இரு நிறுவனங்களின் இணைப்புகளும் பாதிக்கப்பட்டன. வழியில் நடந்த தோண்டுதல், கட்டுமானப் பணிகளே காரணம் என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. மாலை 3.45-க்கு மீண்டும் தொடங்கிய வர்த்தகம் 5 மணி வரை நீட்டிக்கப்பட்டது. நாட்டின் மிகப்பெரிய சந்தைக்கே இந்தக் கதி என்றால் மூன்றாவது மாடி வாடகை வீட்டுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதலீட்டைப் பல பங்குகளில் பரப்பினால் மட்டும் போதாது, அவை ஒருசேர விழாதவையாகவும் இருக்க வேண்டும் என்பதை ஹாரி மார்கோவிட்ஸ் 1952-இல் கணிதமாக நிறுவினார். 1990-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பங்குகளைத் தேர்வு செய்யும்போது இதைக் கவனிப்பவர்கள்கூட, இணைப்பைத் தேர்வு செய்யும்போது மறந்துவிடுகிறார்கள்.

எனவே, மாற்று இணைப்பு முதல் இணைப்பிலிருந்து எல்லா வகையிலும் வேறுபட்டிருக்க வேண்டும். வீட்டுக்குள் வருவது கம்பி வழி என்றால், மாற்று காற்று வழி வரட்டும். அதுவும் வேறு நிறுவனத்தின் சிம் அட்டையில். ரூட்டருக்கென்றே சிறிய யுபிஎஸ் கருவிகள் கிடைக்கின்றன. அவை மின்சாரம் போன பிறகும் சில மணி நேரம் தாங்கும். கண்ணாடி இழை வந்து சேரும் பெட்டியும் ரூட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்குமே மின்சாரம் வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மேசைக் கணினியைவிட மடிக்கணினி நல்லது. கடவு எண் குறுஞ்செய்தியாக மட்டுமே வருமாயின், கைப்பேசிச் சேவை இல்லாத நேரத்தில் பிராட்பேண்ட் இருந்தும் கணக்குக்குள் நுழைய முடியாது. இணையமின்றியே கடவு எண்ணை உருவாக்கித் தரும் செயலியை முன்பே இணைத்து வைத்துக்கொள்வது உத்தமம். ஏதும் வாங்காத, விற்காத ஒரு நாளில் முதல் இணைப்பைத் தாமே துண்டித்து, மாற்று வழியில் கணக்குக்குள் நுழைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

இவை அனைத்தையும் செய்த பிறகும் ஒரு நாள் எல்லாமே நின்றுபோகும். அப்போது காப்பது இணைப்பன்று, முன்பே இட்டு வைத்த ஆணை. ஸ்டாப் லாஸ் ஆணை ஏற்கப்பட்டுவிட்டால் அது சந்தையின் கணினியில் காத்திருக்கும்; நம் வீட்டில் விளக்கு எரிகிறதா என்று அது கேட்பதில்லை. கைப்பேசியில் ஒலிக்கும் விலை எச்சரிக்கை அப்படிப்பட்டதன்று. விலை வந்ததும் நானே விற்றுவிடுவேன் என்று மனத்துக்குள் வைத்திருக்கும் ஸ்டாப் லாஸ், இணைப்பு அறுந்த கணமே இல்லாமல் போகிறது. விலை வரம்புடன் இடும் ஸ்டாப் லாஸிலும் ஒரு குறை உண்டு: விலை ஒரே தாவலில் வரம்பைக் கடந்துவிட்டால் ஆணை நிறைவேறாமல் நிற்கும்.

இணைப்பு அறுந்து மீளும் தருணத்தில் இன்னோர் ஆபத்து இருக்கிறது. விற்கும் பொத்தானை அழுத்தியதும் திரை உறைந்துவிட்டால், ஆணை போகவில்லை என்று எண்ணி மீண்டும் அழுத்துவது இயல்பு. முதல் ஆணை போய்ச் சேர்ந்திருக்கும், இரண்டாவதும் சேரும். ஆணைப் பட்டியலைப் பார்க்காமல் இரண்டாம் முறை அழுத்தக் கூடாது. தரகு நிறுவனத்தின் வர்த்தகத் தொலைபேசி எண்ணையும் கணக்கு எண்ணையும் தாளில் எழிதி மேசையருகே ஒட்டி வைப்பது நல்லது. தரகு நிறுவனத்தின் கணினிகளே செயலிழந்தால், நிலுவையிலுள்ள வர்த்தகத்தை முடித்துக்கொள்ள ஐஆர்ஆர்ஏ என்னும் தளத்தைச் சந்தைகள் 2023-இல் தொடங்கின. ஆனால், அது தரகரின் கோளாறுக்கானது. நம் வீட்டுக் கோளாறுக்கன்று.

இத்தனைக்கும் ஆகும் செலவு சில ஆயிரம் ரூபாய்தான். அதற்கு மாறாக வைத்துப் பார்க்க வேண்டிய எண்கள் வேறு. முன்பேர வர்த்தகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் இழப்பையே கண்டனர். மொத்த இழப்பு ரூ.1.8 லட்சம் கோடிக்கும் அதிகம் என்று செபி அமைப்பின் ஆய்வு கூறுகிறது. 2023-24-இல் ஈடுபட்டவர்களில் 43 சதவீதத்தினர் 30 வயதுக்கு உட்பட்டவர்கள். பங்குகளில் நாள் வர்த்தகம் செய்தோரில் 2022-23-இல் பத்தில் ஏழு பேர் இழந்திருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அன்றைய தினம் இணையம் நன்றாகவே இயங்கியிருக்கும்.

ஆதலால், எந்த இணைப்பு அறுபடாது என்று கேட்கும் மாணவரிடம் நான் வேறொன்றைக் கேட்கிறேன்: பதினைந்து நிமிடம் திரை இருண்டால் உன் முதலில் எவ்வளவு போகும்? ஒரு மாத வீட்டு வாடகை என்று ஒருவர் பதில் சொன்னார். அவரை இரண்டாவது இணைப்பு வாங்கச் சொல்லவில்லை. வாங்கும் அளவைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். இப்போது அவர் நாளிதழில் மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டே வணிகப் பக்கத்தைத் திருப்புகிறார். தம் பகுதியின் பெயர் இருந்தால் அன்று கணினியைத் திறப்பதில்லை.